வாயிற்படிக்கு உள்ளும் வெளியும்

ஒரு நகரத்தின் அழகைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் அதன் கோபுரங்களையும் மாளிகைகளையும் பூங்காக்களையுமே எண்ணுகிறோம். ஆனால், நகரத்தில் வாழ்பவனுக்கு அழகு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. தன் வீட்டு வாயிற்படியைக் கடந்து அவன் வெளியே காலடி எடுத்து வைக்கிறானே, அந்த இடம் யாருடையது? அதைப் பெருக்குபவர் யார்? அங்கே விளக்கு எரியாவிட்டால் கேட்பவர் யார்? அங்கே நின்று நாலு பேர் காதில் விழும்படி பேச அவனுக்கு உரிமை உண்டா? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு சமுதாயமும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள்ளேயே மூன்று வெவ்வேறு விடைகளைச் சொல்லிப் பார்த்த நகரங்களும் உண்டு. அவை, சோவியத் ஒன்றியம் என்ற பெயரில் ஒன்றாயிருந்து, 1991இல் அது குலைந்தபின் 15 தனி நாடுகளுக்கு உரியவையாகிவிட்ட நகரங்கள்.

மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்களின் வழியாக நம் பெற்றோரில் பலர் அந்நாட்டை அறிந்தனர். அந்த நாட்டின் ஆறுகளும் வீதிகளும் அவர்களுக்குப் பழகிய பெயர்களாயின. அவ்வீதிகளில் உள்ள வீடுகளுக்குள் சற்றே நுழைந்து, பிறகு வெளியே வந்து பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கதவு, பல மணிகள்

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், 1918 ஆகஸ்டில் வெளியான ஆணை ஒன்று நகரங்களில் கட்டடங்களின் மேலிருந்த தனியுடைமையை நீக்கியது. பெத்ரோகிராடிலும் மாஸ்கோவிலும் செல்வர்கள் குடியிருந்த பெரிய பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை, குளியலறை, கழிப்பறை, நடை ஆகியவை எல்லோருக்கும் பொது. இத்தகைய வீட்டுக்குக் 'கொம்முனால்கா' என்று பெயர். வாயிற்கதவில் ஒரு பட்டியல் தொங்கும்: இன்னாரைக் காண வந்தால் மணியை ஒரு தடவை அடிக்கவேண்டும், இன்னாருக்கு இரண்டு தடவை, அடுத்தவருக்கு மூன்று. சமையலறை ஒன்றுதான், ஆனால் குடும்பத்துக்கு ஒரு மேசை. கழிப்பறை ஒன்றுதான், ஆனால் பல வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு மின்விளக்கு. மின்கட்டணத்தில் சண்டை வராதிருக்க ஒவ்வொருவரும் தம் விளக்கைத் தாமே ஏற்றி அணைத்தனர்.

பழைய மண்டபங்களின் குறுக்கே பலகைத் தடுப்பு எழுந்தபொழுது, கூரையின் சுண்ணச் சிற்பங்கள் இரண்டாகப் பிளந்தன. மலர் வளையத்தின் ஒரு பாதி இந்தக் குடும்பத்தின் தலைக்கு மேலே. மறு பாதி அடுத்த குடும்பத்தின் தலைக்கு மேலே. அந்தக் காலத்து வாழ்க்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஓவியம் வேண்டுவதில்லை.

லெனின்கிராடில் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஸ்வெத்லானா போய்ம் என்ற அம்மையார், 1994இல் வெளிவந்த தம் நூலில் இவ்வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்தார். பிறர் நுழையாத தனிவாழ்வு என்னும் கருத்துக்கு நேரான ஒற்றைச் சொல் ருஷ்ய மொழியில் இல்லை என்பது அவர் எடுத்துக்காட்டும் செய்திகளுள் ஒன்று. சொல் இல்லையே தவிர, ஆசை இல்லாமற் போகவில்லை. அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்த பீங்கான் பொம்மைகளிலும், சன்னலோரத்துச் செடியிலும், கட்டிலை மறைத்த துணித் திரையிலும் அந்த ஆசை குடியிருந்தது. இல்யா கபகோவ் என்னும் ஓவியர் 1985இல் தம் மாஸ்கோக் கலைக்கூடத்தில் ஓர் அறையையே கலைப்படைப்பாக அமைத்தார். சுவரெல்லாம் அரசின் சுவரொட்டிகள். நடுவில் விற்சுருள்களில் தொங்கும் ஓர் இருக்கை. கூரையில் ஒரு பெருந்துளை. கொம்முனால்காவில் வாழ்ந்த ஒருவன் தன் அறையிலிருந்தே விண்வெளிக்குப் பறந்துவிட்டான் என்பது கதை. தப்பிச் செல்ல வேறு வழி இல்லாதவன் வானத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மண்ணுக்கு அடியில் மாளிகை

வீட்டுக்குள் இத்தகைய நெருக்கடி இருந்த காலத்திலேயே வெளியில் பெருஞ்செல்வம் கொட்டப்பட்டது. 1935 மே 15 அன்று மாஸ்கோ சுரங்க ரயில் தொடங்கப்பெற்றது. 1938இல் திறந்த மாயக்கோவ்ஸ்கயா நிலையத்தில் துருப்பிடிக்காத எஃகு வளைவுகளும், கூரைக் குழிவுகளில் ஓவியர் தெய்னேகா அமைத்த வண்ணக்கல் ஓவியங்களும் உள்ளன. 1952இல் திறந்த கொம்சொமோல்ஸ்கயா நிலையத்தில் அரண்மனைக்கு உரிய சரவிளக்குகள் தொங்குகின்றன. தனக்கென்று ஓர் அறை இல்லாத தொழிலாளி நாள்தோறும் இருவேளை பளிங்கு மண்டபத்தின் வழியே நடந்து சென்றான். மன்னர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த அழகை மக்களுக்கு உரியதாக்குகிறோம் என்பது அரசின் கொள்கை. அதில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. இன்றும் அந்நிலையங்களைக் கண்டு வியவாதவர் அரியர். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். அந்தப் பொது அழகு பார்ப்பதற்கும் கடந்து செல்வதற்கும் உரியது. அதை அமைத்தவனும் காத்தவனும் அரசே. மக்கள் அதன் விருந்தாளிகள்.

தனிக் கதவும் சிறு சமையலறையும்

குருஷ்சேவ் காலத்தில் இரண்டாவது விடை பிறந்தது. கட்டடக் கலையில் வீண் ஆடம்பரத்தை ஒழிக்க வேண்டும் என்று 1955 நவம்பரில் ஓர் ஆணை வந்தது. வீட்டுப் பஞ்சத்தைப் போக்க 1957 ஜூலையில் மற்றோர் ஆணை வந்தது. தூணும் சிற்பமும் மறைந்தன. தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட்டுப் பலகைகளைக் கொண்டுவந்து, சீட்டுக்கட்டு வீடு கட்டுவதுபோல் பொருத்தினார்கள். லகுத்தேன்கோ என்னும் பொறியாளர் வகுத்த கே-7 வரிசை இவற்றுள் பெயர் பெற்றது. ஐந்து மாடிகள், மின்தூக்கி கிடையாது, கூரையின் உயரம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர், சமையலறை 5, 6 சதுர மீட்டர். இவ்வீடுகளை மக்கள் 'குருஷ்சோவ்கா' என்று அழைத்தனர். சேரிக்கு ருஷ்ய மொழியில் உள்ள சொல்லோடு இணைத்து எள்ளி நகையாடியதும் உண்டு. ஆனாலும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் வாழ்நாளில் கிடைத்த முதல் தனிக் கதவு. மாஸ்கோவின் செர்யோமுஷ்கி பகுதியில் எழுந்த புதுக் குடியிருப்பை வைத்து இசைமேதை ஷொஸ்தகோவிச் ஒரு நகைச்சுவை இசைநாடகமே இயற்றினார். அது 1959இல் அரங்கேறியது.

எல்லா நகரங்களிலும் ஒரே வகை வீடு எழுந்ததால் விளைந்த வேடிக்கையை ரியாசனோவ் இயக்கிய 'விதியின் வேடிக்கை' என்னும் திரைப்படம் காட்டுகிறது. 1976 புத்தாண்டன்று தொலைக்காட்சியில் முதலில் காட்டப்பட்ட படம் அது. மாஸ்கோவில் குடித்து மயங்கிய ஒருவன் தவறுதலாக லெனின்கிராடுக்கு விமானம் ஏற்றப்படுகிறான். தான் இருப்பது மாஸ்கோ என்றெண்ணித் தன் முகவரியைச் சொல்கிறான். அதே பெயரில் அங்கும் ஒரு தெரு. அதே எண்ணில் ஒரு வீடு. அவன் கையிலுள்ள சாவியே அந்தக் கதவையும் திறந்துவிடுகிறது! இன்றும் புத்தாண்டு தோறும் அந்தப் படத்தைப் பார்ப்பது பல குடும்பங்களில் வழக்கம்.

அந்தச் சிறிய சமையலறையில் நேர்ந்த மாறுதல் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. கொம்முனால்காவின் சமையலறையில் அடுத்தவர் காது எப்பொழுதும் இருந்தது. தனி வீட்டின் சமையலறையிலோ கதவைச் சாத்திக்கொள்ளலாம். இரவில் நண்பர்கள் அங்கே கூடினார்கள். தட்டச்சில் படியெடுத்த தடைசெய்யப்பட்ட கவிதைகள் கைமாறின. ஒக்குஜாவா, விசோத்ஸ்கி ஆகியோரின் பாடல்கள் ஒலிநாடாவில் சுழன்றன. ஒட்டுக்கேட்போர் இருக்கக்கூடும் என்று வானொலியை உரக்க வைத்தோ குழாயைத் திறந்துவிட்டோ பேசியவர்களும் உண்டு. செங்கொடி ஊர்வலம் செல்லும் சதுக்கத்தில் பேச முடியாததை ஐந்து சதுர மீட்டரில் பேசினார்கள். பொதுமன்றம் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது என்று சொன்னால் பொருந்தும்.

உள்ளே உடைமை, வெளியே அநாதை

மூன்றாவது விடை 1991இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் ருஷ்யாவில் இயற்றிய சட்டம், அரசு வீட்டில் குடியிருப்போர் அதைத் தம் உடைமையாக்கிக்கொள்ள வழி செய்தது. விலை கொடுக்க வேண்டுவதில்லை. ஏனைய குடியரசுகளிலும் இவ்வகைச் சட்டங்கள் பிறந்தன. வாடகைக் குடியானவன் ஒரே கையெழுத்தில் வீட்டுக்காரன் ஆனான்.

ஆனால் எதற்கு வீட்டுக்காரன்? தன் கதவுக்கு உள்ளே உள்ளதற்கு மட்டும். படிக்கட்டு, நடை, கூரை, நிலவறை, வெளிமுற்றம் ஆகியவை காகிதத்தில் எப்படி இருப்பினும் நடைமுறையில் யாருக்கும் உரியவை அல்ல. அவற்றைக் காத்துவந்த அரசோ வறுமையில் விழுந்து பின்வாங்கிவிட்டது. 1990களில் இந்நகரங்களுக்குச் சென்றவர் எவரும் ஒரு முரண்பாட்டைக் கண்டிருப்பர். கட்டடத்தின் நுழைவாயிலில் விளக்கு இல்லை; அஞ்சற் பெட்டிகள் நெளிந்தும் கருகியும் கிடக்கும்; சுவரெல்லாம் கிறுக்கல். அந்த இருட்டில் படியேறினால் எதிரே கனத்த இரும்புக் கதவு. அது திறந்தாலோ உள்ளே பளபளக்கும் தரையும், வெண்மையான புதுச் சன்னல்களும், தொங்குகூரையில் பதித்த விளக்குகளும். இந்தப் புதுப்பிப்புக்கு 'யெவ்ரோரெமோந்த்', அதாவது ஐரோப்பியப் பாணிச் செப்பனீடு, என்று ஒரு சொல்லே உண்டாயிற்று. சோவியத் காலத்தில் வெளியே பளிங்கும் உள்ளே நெருக்கடியும்; இப்பொழுது உள்ளே பளிங்கும் வெளியே சீரழிவும். சட்டையை அப்படியே மறுபுறம் திருப்பிப் போட்டதுபோல் ஆயிற்று.

கட்டடத்தின் முகமும் மாறிற்று. ஒவ்வொருவரும் தம் உப்பரிகையைத் தமக்குப் பிடித்த வண்ணத்தில் கண்ணாடியிட்டு அடைத்துக்கொண்டனர். ஒருவர் மரச்சட்டம், ஒருவர் இரும்பு, ஒருவர் பிளாஸ்டிக். ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இது இன்னும் வளர்ந்தது. இரும்புத் தூண்களை நட்டு, உப்பரிகைக்கு வெளியே முழு அறைகளையே மாடிதோறும் ஒட்டிக்கொண்டார்கள். அதே நகரில்தான், முற்றத்தைச் சுற்றி மரத்தாழ்வாரங்களும் வெளிப்படிகளும் அமைந்து, பல குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழும் பழைய 'இத்தாலிய முற்றங்களும்' இருக்கின்றன. அங்கேயே காசு போட்டால்தான் ஏறும் மின்தூக்கிகளும் வந்தன. எல்லோரும் சேர்ந்து மாதக் கணக்கில் செலவைப் பங்கிட முடியாத இடத்தில், ஏறும்பொழுதெல்லாம் ஒரு நாணயம் என்று வழி கண்டனர். அடைத்த உப்பரிகைகளைக் கண்டு அருவருப்பவர் பலர். என் கருத்தில் அவற்றில் ஓர் அழகும் உண்டு, ஒரு குறையும் உண்டு. அழகு, ஒரே அச்சில் வார்த்த பலகையின்மேல் மனிதன் தன் கையொப்பத்தை இட்டான் என்பது. குறை, அடுத்த வீட்டானோடு ஒரு சொல்லும் கலந்து பேசாமல் இட்டான் என்பது.

சட்டம் பின்னர் இதைச் சீர்செய்ய முயன்றது. 2005 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ருஷ்ய வீட்டுச் சட்டத்தொகுப்பு, படிக்கட்டும் கூரையும் மின்தூக்கியும் அக்கட்டடத்து வீட்டுக்காரர் அனைவருக்கும் பங்குடைய பொதுச் சொத்து என வகுத்தது. ஆனால், பொதுச் சொத்து என்றாலே 'மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுபது ஆண்டு பழகிய மனம் சட்டத்தைப்போல் ஒரே நாளில் மாறுவதில்லை.

முற்றத்துப் பலகை

வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் மற்றோர் இடம் உண்டு. அதுதான் கட்டடங்கள் சூழ்ந்த முற்றம். ருஷ்ய மொழியில் 'துவோர்'. நுழைவாயிலருகே ஒரு பலகை இருக்கை, அதில் வருவோர் போவோரை அளந்துகொண்டு அமர்ந்திருக்கும் பாட்டிமார், ஊஞ்சல், துணி உலர்த்தும் கொடி, பழைய ரப்பர்ச் சக்கரங்களை அறுத்துச் செய்த அன்னப் பறவைகள். நம் ஊர்த் திண்ணையில் அமர்ந்து பழகியவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அரசு நட்டதும் அன்று, தனியாருக்கு உரியதும் அன்று. அங்கிருந்தோர் தாமாகப் பேணிய இடம் அது. 1990களில் கார்கள் பெருகின. இரும்புக் கூடுகளாலான கொட்டகைகள் முற்றங்களை அடைத்தன. பின்னர் மாஸ்கோவில் அவை அகற்றப்பட்டபோது, குறுக்குத் தடிகளும் வேலிகளும் வந்தன.

இதே வரலாறு எல்லா நகரங்களிலும் ஒரே முகத்தோடு நடந்துவிடவில்லை. டாஷ்கண்ட் நகரின் பெயர் இந்தியர் எவர்க்கும் மறக்காது. 1966 ஜனவரி 11 அன்று நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கேதான் உயிர் நீத்தார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அந்நகரைப் பூகம்பம் குலைத்தது. குடியரசுகள் பலவற்றிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அதைத் திரும்பக் கட்டினர். பலகை வீடுகளேயாயினும், வெயிலை மறைக்கப் பின்னல் வேலைப்பாடுள்ள சன்னல் மறைப்புகளையும், பக்கச் சுவர் முழுதும் ஜார்ஸ்கி சகோதரர்கள் அமைத்த வண்ணக்கல் ஓவியங்களையும் அங்கே காணலாம். மண்சுவர் வீடுகளும் உள்முற்றங்களும் கொண்ட பழைய 'மஹல்லா'க்களும் அருகருகே நிலைத்திருந்தன. சோவியத் கால இடிப்புக்குத் தப்பிய அவற்றுள் சில, 2017க்குப் பின் புதிய வாணிகக் கட்டடங்களுக்கு இடம் கொடுத்து மறைந்தன.

ஒரு சிலையும் ஒரு சதுக்கமும்

இனிச் சதுக்கத்துக்கு வருவோம். மாஸ்கோவில் கவிஞர் மாயக்கோவ்ஸ்கியின் சிலை 1958 ஜூலையில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் அரசு அழைத்த கவிஞர்கள் கவிதை படித்தனர். அவர்கள் முடித்ததும், கூட்டத்திலிருந்த இளைஞர்கள் தாமும் படிக்கத் தொடங்கினர். அதுவே வழக்கமாயிற்று. மாணவர்கள் மாலை வேளைகளில் சிலையடியில் கூடிக் கவிதை படித்தார்கள். 1961இல் அது ஒடுக்கப்பட்டது. முன்னின்றோர் சிறை சென்றனர். அரைநூற்றாண்டு கழித்து, 2009 முதல், கூட்டம் கூடும் உரிமையைக் கேட்போர் அதே சதுக்கத்தில் கூடலாயினர். 2010இல் கட்டுமான வேலை என்று சதுக்கத்தைச் சுற்றி வேலி எழுந்தது. 2015இல் அது புதுப்பொலிவோடு திறந்தது: மரங்கள், இருக்கைகள், பெரியவர்களும் ஆடக்கூடிய ஊஞ்சல்கள். அழகாகத்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில், உக்ரைன் போருக்கு ஆள் திரட்டும் ஆணை வெளியானபின், அதே சிலையடியில் சில இளைஞர்கள் கவிதை படித்தனர். அவர்களுள் இருவருக்கு 2023 டிசம்பரில் முறையே 7 ஆண்டும் ஐந்தரை ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஊஞ்சல் ஆடலாம், கவிதை படிக்கலாகாது. பொது இடத்தின் அழகை அளக்கும்பொழுது நாம் எதை அளக்கிறோம் என்பதை இந்த ஒரு சதுக்கமே சிந்திக்க வைக்கும்.

உக்ரைனின் தலைநகர் கீவில் வேறொரு காட்சி. அக்டோபர் புரட்சியின் பெயரைத் தாங்கியிருந்த சதுக்கம் 1991இல் விடுதலைச் சதுக்கம் ஆயிற்று. அவர்கள் மொழியில் சதுக்கத்துக்கு 'மைதான்' என்று பெயர். நம் 'மைதானம்' எந்தப் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததோ, அதே வேரிலிருந்து வந்த சொல். 2004இலும், மீண்டும் 2013 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி வரையிலும் மக்கள் கடும் பனியில் அங்கே கூடாரமிட்டுத் தங்கினர். அடுப்பு மூட்டினர், மருத்துவ நிலையம் அமைத்தனர், நூல்நிலையமும் வைத்தனர். அன்று பொதுமன்றம் சமையலறைக்குள் ஒளிந்தது. இன்று சமையலறையே பொதுமன்றத்துக்கு வந்துவிட்டது! நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே உயிர் கொடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இடிக்கவும் காக்கவும்

2017இல் மாஸ்கோ நகராட்சி, ஆயிரக்கணக்கான பழைய வீட்டுக் கட்டடங்களை இடித்து, ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைப் புது வீடுகளுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. பலர் மகிழ்ந்தனர், பழைய குழாய்களோடு போராடிச் சலித்தவர்கள் அவர்கள். பலர் அஞ்சினர். தம் கதவுக்கு உள்ளே உள்ளதுதான் தமக்குச் சொந்தம் என்று இருந்தவர்களுக்கு, கட்டடம் இடிந்தால் கதவும் இல்லை என்பது அன்று விளங்கிற்று. ஆண்டுக்கணக்கில் வணக்கம்கூடச் சொல்லாதிருந்த அண்டை வீட்டார் முற்றத்தில் கூடிப் பேசினர். அவ்வாண்டு மே 14 அன்று பெருந்திரளாக வீதிக்கு வந்தனர். ஒரு கட்டடம் திட்டத்தில் சேர அங்குள்ளோரில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. வேண்டாம் என்று கூறிய கட்டடங்கள் பட்டியலிலிருந்து நீங்கின. யாருக்கும் உரியதன்று எனக் கைவிட்ட படிக்கட்டு அந்தச் சில மாதங்கள் எல்லோருக்கும் உரியதாக இருந்தது.

2023 ஜனவரி 14 அன்று, ஓவியர் கபகோவ் பிறந்த ஊராகிய உக்ரைனின் நீப்ரோ நகரில், ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றை ருஷ்ய ஏவுகணை பிளந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டடத்தின் முன்சுவர் விழுந்துவிட, ஒரு வீட்டின் மஞ்சள் நிறச் சமையலறை அப்படியே வெளியே தெரிந்தது. மேசைமேல் இருந்த பழங்கள்கூடக் கலையவில்லை. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. எந்தச் சமையலறையை மூன்று தலைமுறையினர் பாடுபட்டுப் பெற்றனரோ, எதற்குக் கதவு வைத்தனரோ, அது வீதியின் பார்வைக்குத் திறந்து கிடந்தது.

நண்பர்களே, இந்நகரங்களின் வரலாற்றிலிருந்து எனக்குப் புலப்படுவது இது. அரசு மட்டும் அழகு செய்த இடத்தில் மக்கள் விருந்தாளிகளாயினர். தனி உடைமை மட்டும் அழகு செய்தபொழுது படிக்கட்டு இருண்டது. அங்கே அமரவும், பழுது பார்க்கவும், பேசவும் மக்களுக்கு உரிமை இருந்தபொழுது, கிழிந்த ரப்பரில் செய்த அன்னப் பறவையும் அழகாக இருந்தது. நம் நாட்டிலும் அடுக்குமாடிகள் நாள்தோறும் எழுகின்றன. நம்மில் சிலர் நாளை அவற்றுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களாகவும், அனுமதி தரும் அதிகாரிகளாகவும், பலர் அவற்றில் குடியிருப்பவர்களாகவும் ஆகப்போகிறோம். வரைபடத்தில் வீட்டின் பரப்பைக் கூட்டிப் பார்த்தபின், வாயிற்படிக்கு வெளியே இருக்கும் பரப்பையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அதற்கு விளக்கேற்றப் போகிறவர் யார் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதுவரை, நம் விடுதியின் நடையும் படிக்கட்டும் பழகிக்கொள்ளப் போதுமானவை.